வேலையை முடிக்க வந்தவர்

(மென்பொருள் உதவிக் குறிப்புகளையும் கணினிவழிப் பயிற்சியையும் பெரியவர்களுக்கு ஏற்றபடி அமைப்பது குறித்து ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்றைய பொருள் கேட்பதற்குக் கொஞ்சம் வறட்சியானதுதான். மென்பொருளோடு வரும் உதவிக் குறிப்பு, கணினி வழியாக நடத்தும் பயிற்சி ஆகிய இரண்டையும் பெரியவர்களுக்குப் பயன்படும்படி எப்படி அமைப்பது என்று பேச வந்திருக்கிறேன். மென்பொருள் துறையிலேயே இதைக் கடைசி வாரத்து வேலை என்று ஒதுக்கி வைப்பார்கள். எல்லாம் முடிந்தபின் யாரோ ஒருவர் உட்கார்ந்து நாற்பது பக்கம் எழுதிச் சேர்ப்பார்.

ஆனால் நாட்டில் நடப்பதைப் பாருங்கள். ஓய்வூதியக்காரரின் உயிர்வாழ் சான்று, பட்டாவில் பெயர் மாற்றம், ரயில் டிக்கெட், மின்கட்டணம், பிள்ளையின் கல்லூரி விண்ணப்பம் எல்லாமே திரைக்குள் போய்விட்டன. ஐம்பத்தைந்து வயதுக்காரர் ஒருவர் அந்தத் திரைக்கு முன்னால் திகைத்து நின்றால், அவருக்கு உரிய ஒன்று கைக்கு வராமல் போகிறது. அதனால்தான் இதை மென்பொருள்காரர்களின் வீட்டு விவகாரமாக விட்டுவிடாமல் பொதுமேடைக்குக் கொண்டுவந்திருக்கிறேன்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். பெரியவர் மென்பொருளைக் கற்க வருவதில்லை, ஒரு வேலையை முடிக்க வருகிறார். வரும்போது அவசரத்தோடும் பயத்தோடும் வருகிறார். இந்த இரண்டையும் அவருடைய குறைகள் என்று நினைத்து எழுதிய உதவி பயன்படாது. இரண்டுக்கும் நியாயம் உண்டு என்று ஒப்புக்கொண்டு எழுதியதுதான் பயன்படும்.

இதை முதன்முதலில் அழுத்தமாகக் காட்டியவர்களில் ஒருவர் ஜான் கேரல். 1980களின் தொடக்கத்தில் ஐபிஎம் நிறுவனத்தின் வாட்சன் ஆய்வு மையத்தில் இருந்தவர், உளவியல் படித்தவர். அலுவலகங்களுக்குச் சொற்செயலி அப்போதுதான் வந்துகொண்டிருந்தது. கேரலும் சகாக்களும் அலுவலக உதவியாளர்களை வரவழைத்து, எந்திரத்தையும் கையேட்டையும் கொடுத்து, "மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யுங்கள்" என்று கேட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து கவனித்தார்கள்.

கையேடு கவனமாகத் திட்டமிட்டு எழுதப்பட்டதுதான். முதலில் அறிமுகம், பிறகு விசைகளின் விளக்கம், பிறகு படிப்படியான பயிற்சி என்று ஒழுங்காக இருந்தது. எழுதியவர்கள் நினைத்தபடி ஒருவரும் அதைப் படிக்கவில்லை. அறிமுகத்தைத் தாண்டிக் குதித்தார்கள். "இதைப் பிறகு செய்வோம்" என்று கையேடு சொன்ன இடத்தில் உடனே செய்து பார்த்தார்கள். பயிற்சிக்காகக் கொடுத்த செயற்கையான கடிதத்தை விட்டுவிட்டு, தங்களுக்குத் தெரிந்த மாதிரிக் கடிதம் ஒன்றை அடிக்க முனைந்தார்கள். ஏழாம் படியில் சின்னத் தவறு நேர்ந்தால் எட்டாம் படியிலிருந்து கையேடு சொல்வதற்கும் திரையில் தெரிவதற்கும் தொடர்பே இல்லாமல் போயிற்று. யாரும் தவறு செய்யமாட்டார்கள் என்ற நம்பிக்கையில் எழுதிய புத்தகம் அது. தவறிய இடத்திலிருந்து திரும்பிவர அதில் வழி இல்லை.

இன்னொன்றையும் கவனித்தார்கள். வந்தவர்கள் வெறும் ஆட்கள் அல்லர், தட்டச்சில் கைதேர்ந்தவர்கள். அந்தத் தேர்ச்சியே உதவியாகவும் இருந்தது, இடைஞ்சலாகவும் இருந்தது. தட்டச்சுப் பொறியில் வெற்றிடம் என்றால் ஒன்றுமில்லை. சொற்செயலியிலோ வெற்றிடமும் ஓர் எழுத்து, அதையும் அழிக்க வேண்டும். இந்த அனுபவம் தமிழ்நாட்டுக்கும் புதிதல்ல. தெருவுக்கு ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் இருந்த ஊர்கள் நம்முடையவை. ஹையர் தேறிய குமாஸ்தாக்கள் கணினிக்கு வந்தபோது ஒவ்வொரு வரி முடிவிலும் என்டர் தட்டினார்கள். நடுவில் ஒரு சொல்லைச் சேர்த்ததும் பத்தி முழுவதும் சிதறியது. அறியாமையால் வந்த பிழை இல்லை இது, பழைய அறிவு புது இடத்தில் வேலை செய்ததால் வந்தது. கேரலும் மேரி பெத் ராசனும் 1987இல் இதை ஒரு முரணாக எழுதினார்கள். வேலையை முடிக்கும் அவசரம் இருப்பதால் மக்கள் கற்க நேரம் ஒதுக்குவதில்லை. கற்றால் வேலை இன்னும் வேகமாக முடியும். இரண்டுமே உண்மை. பழையதைக் கொண்டுதான் புதியதைப் புரிந்துகொள்ள முடியும். அந்தப் பழையதே சில நேரம் வழி தவற வைக்கும். இந்த முரணுக்கு முழுத் தீர்வு இல்லை, அதை மனதில் வைத்து எழுதத்தான் முடியும் என்பது அவர்கள் முடிவு.

1990இல் கேரல் இதையெல்லாம் தொகுத்து எழுதிய நூலுக்கு 'நூரம்பர்க் புனல்' என்று பெயர் வைத்தார். ஜெர்மனியின் நூரம்பர்க் நகரத்தில் ஹார்ஸ்டோர்ஃபர் என்ற புலவர் 1647இல், கவிதைக் கலையை ஆறு மணி நேரத்தில் மாணவனுக்குள் ஊற்றிவிடலாம் என்று சொல்லி 'கவிதைப் புனல்' என்றே ஒரு நூல் வெளியிட்டார். தலையில் புனலைச் செருகி அறிவை ஊற்றுவது போன்ற கேலிப்படங்கள் பின்னாளில் அந்த ஊருக்கே அடையாளமாகிவிட்டன. அப்படியொரு புனல் கிடையாது என்பதுதான் கேரல் சொல்லவந்தது.

புனல் இல்லையென்றால் வேறு என்ன வழி? அவருடைய குழு கையேட்டை வெட்டியது. அறிமுகம், தொகுப்புரை, திரையைப் பார்த்தாலே தெரியும் செய்திகள் எல்லாம் போயின. பக்கங்கள் ஏறத்தாழப் பாதியாகின. தலைப்புகள் மென்பொருளின் பகுதிகளைச் சொல்வதை நிறுத்திவிட்டு, செய்யவேண்டிய வேலையைச் சொல்லத் தொடங்கின. தவறினால் மீள்வதற்கான குறிப்பு, தவறு நேரக்கூடிய இடத்திலேயே வந்தது. சில இடங்களில் வேண்டுமென்றே முழு விவரம் தராமல், "நீங்களே செய்து பாருங்கள்" என்று விட்டார்கள். இந்தச் சிறு கையேட்டை வைத்துக் கற்றவர்கள், பெரிய கையேட்டை வைத்துக் கற்றவர்களைவிடக் குறைந்த நேரத்தில் கூடுதலான வேலையைச் சரியாகச் செய்தார்கள். குறைத்து எழுதியது கஞ்சத்தனம் இல்லை, வாசகரின் அறிவை நம்பியது என்று இதைப் புரிந்துகொள்ள வேண்டும்.

அதே குழு செய்த இன்னொரு வேலை எனக்கு இதைவிட முக்கியமாகத் தோன்றுகிறது. புதியவர்கள் அடிக்கடி சிக்கிக்கொள்ளும் கட்டளைகளை மட்டும் பூட்டிவைத்து, சொற்செயலியின் ஒரு பயிற்சிப் பதிப்பை உருவாக்கினார்கள். பூட்டிய கட்டளையைத் தொட்டால் எதுவும் கெடாது, "பயிற்சிப் பதிப்பில் இது கிடையாது" என்று மட்டும் சொல்லும். குழந்தைகளின் சைக்கிளில் பின்சக்கரத்துக்கு இருபுறமும் மாட்டும் சிறு சக்கரங்களின் பெயரையே அதற்கு வைத்தார்கள். அதில் தொடங்கியவர்கள் முதல் கடிதத்தை விரைவாக முடித்தார்கள். பிறகு முழு மென்பொருளுக்கு மாறியபோதும் அவர்கள் பின்தங்கவில்லை.

இதன் உட்பொருள் என்ன? கற்பவருக்கு விளக்கத்தைவிட முதலில் தேவைப்படுவது, தவறினாலும் ஒன்றும் ஆகாது என்ற இடம். நம் மக்கள் இதைத் தாங்களாகவே கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். யூபிஐ வந்த பிறகு, புது ஆளுக்குப் பெரிய தொகை அனுப்பும் முன் எத்தனை பேர் "முதல்ல ஒரு ரூபா அனுப்பறேன், வந்துச்சான்னு பாத்துச் சொல்லுங்க" என்கிறார்கள்! எந்தப் பயிற்சியாளரும் சொல்லிக்கொடுத்து அவர்கள் இதைச் செய்யவில்லை. பத்தாயிரத்தை இழக்கும் பயத்தை ஒரு ரூபாய்க்குள் அடக்கிவிட்டார்கள். மென்பொருள் செய்திருக்க வேண்டிய வேலையைப் பயன்படுத்துவோரே செய்துகொண்டார்கள். விண்ணப்பப் படிவத்தில் "இது ஒத்திகை, எதுவும் பதிவாகாது" என்று ஒரு வழி வைக்கலாம். கடைசிப் பட்டனை அழுத்தும் முன், நிரப்பியதையெல்லாம் ஒரே பக்கத்தில் காட்டி, திருத்த இடம் கொடுக்கலாம். அழித்ததை மீட்கும் வசதி தரலாம். இவற்றில் எதுவும் உதவிக் குறிப்பு என்ற பெயரில் வராது. ஆனால் எந்த உதவிப் பக்கத்தையும்விட இவை அதிகம் கற்றுக்கொடுக்கும்.

பெரியவர் கற்றல் பற்றிப் பேசினால் மால்கம் நோல்ஸ் பெயரைச் சொல்லாமல் நகர முடியாது. அமெரிக்கக் கல்வியாளர். பெரியவர்கள் தங்களைத் தாங்களே நடத்திக்கொள்ள விரும்புகிறவர்கள், அனுபவத்தோடு வருகிறவர்கள், இன்றைய தேவைக்காகக் கற்கிறவர்கள், ஏன் கற்க வேண்டும் என்று தெரிந்தால்தான் இறங்குவார்கள் என்று சொன்னவர். 1970இல் வெளியான அவருடைய முக்கிய நூலின் துணைத்தலைப்பு, பெரியவர் கல்வியையும் சிறுவர் கல்வியையும் எதிரெதிரே நிறுத்தியது. பத்தாண்டு கழித்து வந்த பதிப்பில் அதை மாற்றி, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குச் செல்லும் பாதையாக ஆக்கினார். அந்த மாற்றத்தில் நேர்மை இருக்கிறது. வயதை வைத்து மட்டும் பிரிக்க முடியாது. முற்றிலும் புதிய துறைக்குள் நுழையும்போது ஐம்பது வயதுப் பொறியாளரும் கைபிடித்து அழைத்துச்செல்ல ஆள் தேடுவார். ஆகவே 'பெரியவர்' என்று நான் சொல்லும்போது, சொந்த வேலையோடும் சொந்தப் பொறுப்போடும் வருபவர் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்படி வருபவர் தடுமாறும்போது இங்கே யாரைக் கேட்கிறார்? எந்த மென்பொருளின் எஃப்1 விசையையும் அல்ல. பிள்ளையைக் கூப்பிடுகிறார். நம் நாட்டில் மிகப் பெரிய உதவி மையம் வெளியூரில் வேலை பார்க்கும் மகனும் மகளும்தான். அந்தப் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்டால் நம் தொழிலுக்கான பாடம் முழுவதும் அதிலே கிடைக்கும்.

"அப்பா, இப்ப ஸ்கிரீன்ல என்ன தெரியுது?"

"ஏதோ சிவப்பா வந்திருக்கும்மா."

"அதுல என்ன எழுதியிருக்கு? படிங்க."

"செஷன் எக்ஸ்பயர்டுன்னு இருக்கு. பணம் போயிடுச்சா?"

"பணம் போகலைப்பா. ரொம்ப நேரம் சும்மா இருந்தா அதுவா மூடிக்கும். திரும்ப உள்ள போங்க."

மகள் கேட்ட முதல் கேள்வியைக் கவனியுங்கள். நீங்கள் எந்த இடத்தில் நிற்கிறீர்கள் என்று கேட்கிறாள். உதவிப் பக்கங்கள் பெரும்பாலும் இதைக் கேட்பதே இல்லை. எங்கே நின்று எஃப்1 அழுத்தினாலும் அதே உள்ளடக்கப் பட்டியலைத் திறக்கின்றன. அடுத்து, தகப்பனார் கேட்ட கேள்வி. பிழை ஏன் வந்தது என்று அவர் கேட்கவில்லை. பணம் போயிற்றா என்றுதான் கேட்கிறார். பிழைச் செய்தி எழுதுகிறவர்கள் மூன்று கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். என்ன நடந்தது? என் பணமும் நான் நிரப்பியதும் பத்திரமா? இப்போது நான் என்ன செய்ய வேண்டும்? நம் திரைகளில் வரும் செய்திகள் முதல் கேள்விக்கே அரைகுறையாகத்தான் பதில் சொல்கின்றன. "தவறான உள்ளீடு" என்று மட்டும் சொன்னால் குற்றப்பத்திரிகை வாசித்ததாக ஆகும். "பிறந்த தேதியில் ஆண்டை நான்கு இலக்கமாக எழுதுங்கள்; மற்றவை அப்படியே இருக்கின்றன" என்றால்தான் உதவி.

பிள்ளைகள் செய்யும் ஒரு தவறும் உண்டு. பொறுமை போய், நேரில் இருந்தால் போனைப் பிடுங்கித் தாங்களே செய்து கொடுத்துவிடுவார்கள். வேலை முடியும், அடுத்த மாதம் அதே சந்தேகம் திரும்ப வரும். கணினிவழிப் பயிற்சியிலும் இந்தத் தவறு இருக்கிறது. அம்புக்குறி தானாக நகர்ந்து எல்லாவற்றையும் செய்துகாட்டும் வீடியோ அந்த வகைதான். பார்க்கும்போது எல்லாம் புரிந்ததுபோல் இருக்கும். மூடியதும் கை எங்கே போவது என்று தெரியாது. வீடியோ வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு நிமிடம் காட்டினால், அடுத்த நிமிடம் கற்பவர் கையில் கொடுக்க வேண்டும்.

தேடும் சொல்லைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 1987இல் ஜார்ஜ் ஃபர்னாஸும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. ஒரே பொருளுக்குப் பெயர் சொல்லச் சொன்னால், இரண்டு பேர் ஒரே சொல்லைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு ஐந்தில் ஒன்றுக்கும் குறைவு என்று கண்டார்கள். எவ்வளவு பொருத்தமான கலைச்சொல்லை நீங்கள் வைத்தாலும், தேடுகிற பத்துப் பேரில் எட்டுப் பேர் வேறு சொல்லைத்தான் தட்டுவார்கள். தீர்வு எளிது. ஒரு தலைப்புக்கு மக்கள் சொல்லும் எல்லாப் பெயர்களையும் தேடலில் சேருங்கள். பட்டா மாற்றம், பெயர் மாற்றம், நிலத்தை மகன் பேருக்கு எழுதுவது என்று எதைத் தட்டினாலும் அந்தப் பக்கம் வரட்டும். இவற்றுக்குள் சட்டப்படி வித்தியாசம் இருந்தால், பக்கம் திறந்தபின் அதை விளக்கலாம். வாசலிலேயே திருத்தக் கூடாது. திரையில் பட்டன் ஆங்கிலத்தில் இருந்தால், உதவியிலும் அதை அப்படியே, அதே நிறத்தோடும் இடத்தோடும் காட்டுங்கள். தமிழாக்க விரும்பினால் திரையிலிருந்து தொடங்குங்கள்.

இனிக் கணினிவழிப் பயிற்சிக்கு வருகிறேன். இதன் வரலாறு நாம் நினைப்பதைவிடப் பழையது. பி.எஃப். ஸ்கின்னர் 1950களிலேயே கற்பிக்கும் எந்திரங்களைப் பற்றி எழுதினார். பாடத்தைச் சின்னத் துண்டுகளாக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்வி, உடனே விடை, பிறகு அடுத்த துண்டு. 1960இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் டொனால்ட் பிட்சர் 'பிளேட்டோ' என்ற கணினிவழிக் கற்பித்தல் அமைப்பைத் தொடங்கினார். கணினி வழியாகப் பாடம் சொல்லும் முறைக்கு அது ஒரு தொடக்கப்புள்ளி. உடனுக்குடன் பதில் கிடைப்பது, அவரவர் வேகத்தில் போவது ஆகிய இரண்டும் அந்த மரபு தந்த நல்ல சொத்துகள்.

இன்று அலுவலகங்களில் கட்டாயமாக நடக்கும் பல பயிற்சிகளில் அந்த இரண்டுமே இல்லை. குரல் முழுவதும் ஓடி முடிந்தால்தான் 'அடுத்து' பட்டன் உயிர்பெறும். தெரிந்தவரும் தெரியாதவரும் ஒரே வேகத்தில் போக வேண்டும். ஒலியைக் குறைத்துவிட்டு வேறு வேலை பார்த்துக்கொண்டே பட்டன் வந்ததும் அழுத்துகிறவர்களைச் சோம்பேறிகள் என்று நான் சொல்லமாட்டேன். ஏற்கனவே தெரிந்ததை மறுபடி கேட்க வைத்தால் யாரும் அதைத்தான் செய்வார்கள். தொடக்கத்திலேயே நாலு கேள்வி கேட்டு, தெரிந்த பகுதியைத் தாண்ட விட்டால் என்ன குறைந்துவிடும்?

இதற்கு ஆய்வு ஆதாரமும் உண்டு. ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தின் ஜான் ஸ்வெல்லரும் அவர் வழிவந்தவர்களும், ஒரே நேரத்தில் மனம் தாங்கக்கூடிய சுமை பற்றி 1980களிலிருந்து ஆராய்ந்து வருகிறார்கள். புதியவருக்கு உதவும் விரிவான விளக்கம், தேர்ந்தவருக்கு இடைஞ்சலாகிவிடும் என்பது அந்த மரபில் வந்த ஒரு முடிவு. ஒரே பக்கம் எல்லோருக்கும் பொருந்தாது. அதனால் விளக்கத்தை அடுக்காக வைக்க வேண்டும். மேலே செயல் மட்டும், தேவைப்பட்டவர் திறந்து பார்க்கும்படி கீழே காரணம்.

அதே மரபிலிருந்து கேரலுக்கு ஒரு மறுப்பும் வருகிறது. 1996இல் சாண்ட்லரும் ஸ்வெல்லரும், கணினி நிரல் ஒன்றைக் கற்பவர்களை வைத்து ஆராய்ந்தார்கள். பல கூறுகள் ஒன்றையொன்று சார்ந்திருக்கும் பாடமானால், கையேட்டையும் திரையையும் மாறிமாறிப் பார்ப்பதே பெரும் சுமையாகிறது. படமும் விளக்கமும் ஒன்றாக இணைந்த கையேட்டைக் கணினியே இல்லாமல் படித்தவர்கள், வழக்கமான கையேட்டோடு கணினியில் கற்றவர்களைவிட நன்றாகச் செய்தார்கள். செய்து கற்பது எப்போதும் உயர்ந்தது என்ற மந்திரத்துக்கு இது ஒரு கடிவாளம். விரிதாளில் ஒரு கூட்டல் சூத்திரம் போடுவதைச் செய்தே கற்கலாம். பத்துச் சூத்திரங்கள் ஒன்றையொன்று சார்ந்திருக்கும் வரிக் கணக்கானால், முதலில் ஒரு முழு உதாரணத்தை அமைதியாகப் பார்க்க இடம் கொடுங்கள். விளக்கத்தை அந்தந்தக் கட்டத்தின் பக்கத்திலேயே எழுதுங்கள்.

பயிற்சியின் நேரமும் முக்கியம். மறதியை அளந்து ஹெர்மன் எபிங்ஹாஸ் நூல் எழுதிய ஆண்டு 1885. படித்த சில மணி நேரத்திலேயே பெரும்பகுதி கரைகிறது என்று அன்றே காட்டினார். ஆனாலும் இன்று புதிய மென்பொருள் அலுவலகத்துக்கு வருவதற்கு ஒரு மாதம் முன்பே எல்லோரையும் அரங்கில் உட்கார வைத்து, இரண்டு நாள் பயிற்சி கொடுத்து, கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள். மென்பொருள் வந்து சேரும்போது பயிற்சி ஆவியாகியிருக்கும். அந்த இரண்டு நாளில் அரை நாளை முன்னால் வைத்துக்கொண்டு, மீதியை வேலை தொடங்கிய பிறகு சிறு துண்டுகளாகப் பிரித்துக் கொடுப்பது நல்லது. வேலை நடக்கும் இடத்திலேயே, வேலை நடக்கும் நேரத்தில் உதவி கிடைக்க வேண்டும் என்று குளோரியா கெரி 1991இல் ஒரு நூலே எழுதிவிட்டார்.

நம் நாட்டு அனுபவத்தில் இரண்டைச் சொல்கிறேன். 2000ஆம் ஆண்டில் எஃப்.சி. கோலியின் முன்முயற்சியில் டாடா கன்சல்டன்சி சர்வீசஸ், எழுத்தறியாப் பெரியவர்களுக்குக் கணினி வழியாக வாசிக்கக் கற்றுத்தரும் திட்டத்தை அப்போதைய ஆந்திரத்தில் தொடங்கியது. தேசிய எழுத்தறிவு இயக்கத்தின் பாடநூல்களையே எடுத்துக்கொண்டு, அசையும் படமும் குரலும் சேர்த்தார்கள். அகரவரிசையை ஒப்பிக்க வைக்காமல், அன்றாடம் வாயில் புழங்கும் சொற்களிலிருந்து எழுத்துக்குப் போனார்கள். பழைய கணினிகளே போதும் என்ற அளவில் மென்பொருளை வைத்தார்கள். பிறகு தமிழ் உள்பட வேறு மொழிகளுக்கும் அது போயிற்று. இலக்கைச் சுருக்கியதில்தான் அதன் புத்திசாலித்தனம் இருந்தது. முதலில் வாசிப்பு, செய்தித்தாள் படிக்கும் அளவுக்கு. எழுதுவது பிறகு. கற்பவருக்குத் தன் முன்னேற்றம் சில வாரங்களில் கண்ணுக்குத் தெரிந்தது. அந்தச் சுருக்கத்துக்கு ஒரு விலையும் உண்டு. வாசிக்கத் தெரிந்தவருக்கு எழுதக் கற்றுத்தர வேறு ஏற்பாடு தேவைப்பட்டது.

இரண்டாவது பெங்களூரில் நடந்தது. மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தில் இந்திராணி மேதியும் கென்டாரோ தோயாமாவும், வீட்டு வேலை செய்யும் பெண்கள் வேலை தேடுவதற்காக, எழுத்தே இல்லாத ஒரு திரையை உருவாக்கினார்கள். படமும் குரலும் எண்களும் மட்டும். எந்த இடத்திலும் தொட்டால் குரலில் உதவி கிடைக்கும். படங்கள் புரிந்தன. ஆனாலும் பெண்கள் தயங்கினார்கள். இந்தப் பெட்டிக்குள் வேலை எப்படி வரும் என்பதே அவர்களுக்கு விளங்கவில்லை, கெட்டுவிடுமோ என்ற பயம் வேறு. பிறகு ஒரு சிறு நாடக வீடியோவைத் தொடக்கத்தில் சேர்த்தார்கள். ஒரு வீட்டில் வேலைக்கு ஆள் தேவைப்படுகிறது, அந்தச் செய்தி கணினிக்குள் போகிறது, வேலை தேடும் பெண் அதைப் பார்க்கிறாள் என்ற கதை. அதன்பிறகு நிலைமை நன்றாக மாறியது. எந்தப் பட்டன் எதற்கு என்பதை விளக்குவதற்கு முன்னால், இதனால் எனக்கு என்ன நடக்கும் என்பதைக் காட்ட வேண்டியிருந்தது.

இதைப் புதுக்கோட்டைக்காரர்கள் கணினி இல்லாமலே செய்து காட்டினார்கள். 1990களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துக் கற்றுக்கொடுத்தது. வகுப்புக்கு வரவும் வேலைக்குப் போகவும் தண்ணீர் எடுக்கவும் யாரையும் எதிர்பார்க்காமல் நகர முடியும் என்று தெரிந்தபின் பெண்கள் ஆயிரக்கணக்கில் வந்தார்கள். பயன் கண்முன் இருந்தால் பெரியவர்கள் விழுந்து எழுந்தும் கற்றுக்கொள்வார்கள் என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

கடைசியாக ஒரு புகழ்பெற்ற தோல்வி. மைக்ரோசாஃப்ட் ஆஃபீஸ் 97 பதிப்பில், கண் சிமிட்டும் காகிதக் கிளிப் ஒன்று உதவியாளராக வந்தது. கடிதம் எழுதத் தொடங்கினால் எட்டிப் பார்த்து, உதவி வேண்டுமா என்று கேட்கும். வேண்டாம் என்றாலும் மறுமுறை வரும். நூறு கடிதம் எழுதியவரையும் முதல் கடிதம் எழுதுபவரையும் அதற்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. பயன்படுத்துபவரின் தேவையை நிகழ்தகவு கொண்டு கணிக்கும் ஆழ்ந்த ஆய்வை எரிக் ஹார்விட்ஸும் குழுவும் அதே நிறுவனத்தில் செய்திருந்தார்கள், ஆனால் விற்பனைக்கு வந்த பதிப்பில் அது முழுமையாக இடம்பெறவில்லை. 2001இல் வந்த பதிப்பில் அந்தக் கிளிப் தானாகத் தோன்றுவது நிறுத்தப்பட்டது. 2007 பதிப்பில் நீக்கியே விட்டார்கள். உதவி தேவையில்லாத நேரத்தில் குறுக்கே வருவதும் பெரியவரின் அவசரத்தை மதிக்காததுதான்.

இன்று அந்த இடத்தில் உரையாடும் செயற்கை நுண்ணறிவு வந்திருக்கிறது. வாய்மொழியாக, தமிழிலேயே கேட்கலாம் என்பது பெரிய வசதி. எந்தப் பெயரால் தேடினாலும் புரிந்துகொள்ளும் என்பதால், ஃபர்னாஸ் சொன்ன சிக்கலில் பாதி தீர்கிறது. மற்றப் பாதி அப்படியே நிற்கிறது. எதைக் கேட்பது என்றே தெரியாமல் நிற்பவரிடம், "கேளுங்கள்" என்று ஒரு வெற்றுப் பெட்டியை நீட்டுவது உதவியாகாது. அவர் எந்தத் திரையில் நிற்கிறார் என்று அதற்குத் தெரிந்திருக்க வேண்டும். இல்லாத பட்டனை இருப்பதாகத் தைரியமாகச் சொல்லிவிடக் கூடாது. சொன்னால், தவறு தன்னுடையது என்றுதான் பெரியவர் நினைத்துக்கொள்வார், கருவியைச் சந்தேகிக்க மாட்டார்.

சரி, எப்படித்தான் தொடங்குவது? உதவி எழுதப் போகிறவர் எழுதுவதற்கு முன் ஐந்து பேரோடு உட்காரட்டும். திரைகளைச் சோதிக்க முதல் சுற்றில் ஐந்து பேர் போதும், பெரும்பாலான சிக்கல்கள் வெளிப்பட்டுவிடும் என்பது ஜேக்கப் நீல்சன் பரப்பிய நடைமுறை. அந்த ஐந்து பேரும் அலுவலகத்து ஆட்களாக இருக்கக் கூடாது. உண்மையில் அந்த வேலையைச் செய்யவேண்டிய, நாற்பத்தைந்தைத் தாண்டியவர்களாக இருக்க வேண்டும். அவர்களுடைய சொந்தப் படிவம், சொந்தக் கணக்கு. நீங்கள் வாயைத் திறக்காமல் பார்க்க வேண்டும். அவர்கள் நின்ற ஒவ்வொரு இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் குறிப்பில் பாதி, திரையிலேயே திருத்தவேண்டியவையாக இருக்கும். மீதிதான் உதவிப் பக்கமாகவும் பயிற்சியாகவும் ஆக வேண்டும்.

இதிலிருந்து நிர்வாகங்களுக்கு ஒரு கோரிக்கை பிறக்கிறது. உதவி எழுதுகிறவரைக் கடைசி வாரத்தில் கூப்பிடாதீர்கள். திரையை மாற்றச் சொல்லும் அதிகாரத்தோடு முதல் வாரத்திலேயே கூப்பிடுங்கள். அந்த அதிகாரம் இல்லாவிட்டால், மோசமான திரைக்கு நீளமான விளக்கம் எழுதுவதைத் தவிர அவரால் வேறு ஒன்றும் செய்ய முடியாது.

பயிற்சியை அளக்கும் விதமும் மாற வேண்டும். டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959இலேயே நான்கு படிகளைப் பிரித்துச் சொன்னார். கற்பவருக்குப் பிடித்ததா, அவர் கற்றாரா, வேலையில் நடத்தை மாறியதா, பலன் கிடைத்ததா? நம் அறிக்கைகள் முதல் படியையும் தாண்டுவதில்லை. எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை சான்றிதழ் கொடுத்தோம் என்பதோடு நின்றுவிடுகின்றன. நான் வேறு ஒன்றை எண்ணச் சொல்வேன். பயிற்சி முடிந்து மூன்று மாதம் கழித்து, எத்தனை பேர் அந்த விண்ணப்பத்தை யார் துணையும் இல்லாமல், இடைத்தரகருக்குக் காசு கொடுக்காமல் தாங்களே முடித்தார்கள்? அந்த எண் ஏறினால் நம் வேலை நடந்திருக்கிறது. ஏறவில்லை என்றால், குறை கற்றவரிடம் இருப்பதாகச் சொல்லித் தப்பிக்க நமக்கு உரிமை இல்லை.